நம்பர் மட்டும் வெச்சுக்கிட்டு எப்படி ஃபாலோ அப் பண்றது?

கேள்வி: ஈரோட்டுல வீட்டு மாடிக்கு சோலார் போட்டுக் குடுக்கறேங்க. ஃபேஸ்புக் விளம்பரத்துல லீடு (விசாரிக்கறவங்க விவரம்) வருது, ஆனா பேரும் மொபைல் நம்பரும்தான் இருக்கு, அந்தப் பேரும் "கிங் மேக்கர்"னு இருக்கும். பாதிப் பேர் போன் எடுக்கறதில்ல, எடுத்தா "நான் எதுவும் கேக்கலையே"ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: அவங்க பொய் சொல்லலைங்க. விளம்பரத்தைத் தட்டுனா வர்ற ஃபார்ம்ல பேரும் நம்பரும் ப்ரொஃபைல்ல இருந்து தானாவே வந்து உக்காந்துக்கும், ரீல்ஸ் தள்ளிட்டு இருந்தவர் ரெண்டு தட்டு தட்டிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார், நீங்க மறுநாள் கூப்பிட்டா அவருக்கு எங்க ஞாபகம் இருக்கும்? அதனால லீடு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தொடர்பு கொள்ளப் பாருங்க.

ஆனா எடுத்த எடுப்புல விலை பேசாதீங்க. உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு நம்பர், அத வெச்சு இன்னும் ஒரு தகவல் வாங்கறதுதான் முதல் தொடர்போட வேலை. உங்க தொழில்ல அந்தத் தகவல் கரன்ட் பில்லுதான். போன் பண்றதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல இப்படி ஒண்ணு தட்டி விடுங்க: "வணக்கங்க, இன்னிக்குக் காலைல ஃபேஸ்புக்ல மாடி சோலார் பத்திக் கேட்டிருந்தீங்க. ஈபி கார்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புனீங்கன்னா உங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போதும்னு கணக்குப் போட்டு சொல்றேன்." கீழ உங்க பேரு, கடை எந்த ஏரியான்னு போடுங்க. "ஹாய் சார், இன்ட்ரஸ்டடா?"ன்னு மட்டும் அனுப்பாதீங்க, அதுக்கு யாருங்க பதில் போடுவாங்க?

அந்த ஒரு போட்டோ வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. சர்வீஸ் நம்பர் 04ல ஆரம்பிச்சா ஈரோடு மண்டலம், 03னா கோயம்புத்தூர், ஆக ஆளு உங்க எல்லைக்குள்ள இருக்காரான்னு கேக்காமலே தெரிஞ்சுரும். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடுதுன்னு வைங்க, 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் குடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 240, அப்ப 2 கிலோவாட் போதும், மாடில நிழல் விழாத இடம் ஒரு 200 சதுர அடி வேணும். பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000 ரூபா, 3க்கு 78,000, அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். இத நாலு வரில எழுதி திருப்பி அனுப்புங்க, அவரே கூப்பிடுவார்.

பதிலே வரலையா, அடுத்த நாள் வேற நேரத்துல கூப்பிடுங்க. காலைல 11 மணிக்கு எடுக்காதவர் சாயங்காலம் 7 மணிக்கு எடுப்பார். ஞாயித்துக்கிழமை காலைல வீட்ல எல்லாரும் இருப்பாங்க, சோலார் மாதிரி செலவ ஒருத்தரா முடிவு பண்றதும் இல்ல. ட்ரூகாலர்ல பேர் பாக்கலாம், தப்பில்ல, ஆனா அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க, அதுல "பால்கார அண்ணன்"னு இருக்கும், இல்லைன்னா பழைய ஓனர் பேரு இருக்கும். "பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு கேட்டாப் போதும்.

மூணாவது தடவை "இனி தொந்தரவு பண்ணலைங்க, வேணும்னா இந்த நம்பர்ல கூப்பிடுங்க"ன்னு ஒரு மெசேஜோட நிறுத்திக்கங்க. மிச்ச நம்பருக்கெல்லாம் வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட்ல ஒரே மெசேஜை மொத்தமா போட்டுத் தள்ளலாம்னு நெனைக்காதீங்க, உங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்குத்தான் அது போகும், லிஸ்ட்டுக்கு 256 பேருதான். நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா கடை நம்பரே முடங்கலாம், வேண்டாத விளம்பர அழைப்பைப் பத்திப் புகார் பண்ற 1909ல யாராவது சொன்னா அது தனித் தலைவலி.

ஃபார்மையும் மாத்துங்க. அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சரிபாக்கச் சொல்ற வகை ஒண்ணு இருக்கு, அதத் தேர்ந்தெடுத்து ரெண்டே கேள்வி சேருங்க: சொந்த வீடா, ரெண்டு மாச பில் எவ்வளவு. லீடு கொறையும், ஒரு லீடுக்கு ஆகற செலவும் ஏறும், பயந்துட்டு பழைய ஃபார்முக்கே ஓடிறாதீங்க. எத்தனை பேர் ஈபி கார்டு அனுப்பறாங்கன்னு மட்டும் எண்ணுங்க. அப்புறம் ஃபேஸ்புக்ல லீடு விவரம் 90 நாள்தான் டவுன்லோட் ஆகும், வாரா வாரம் எடுத்து ஒரு ஷீட்ல போட்டு வெச்சுக்கங்க.