பொத்தான் இல்லாத விளையாட்டை எப்படி உருவாக்குகிறார்கள்?

மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கிய, உடல் அசைவைக் கண்டறியும் கினெக்ட் போன்ற கேமராவுக்கு விளையாட்டு எழுதுவோர் பொத்தானே இல்லாமல் ஆட்டக்காரரின் எண்ணத்தை எப்படி அறிகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

2010-இல் வெளிவந்த முதல் கினெக்ட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் தூவி, அவற்றின் இடவிலகலைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டது. 2013-இல் வந்த அடுத்த தலைமுறையோ ஒளி சென்று திரும்பும் நேரத்தை அளந்தது. இப்படிக் கிடைக்கும் ஆழப்படத்திலிருந்து (ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் படம்) தலை, தோள், முழங்கை என 20 மூட்டுகளின் இருப்பிடத்தை (பின்னதில் 25) நொடிக்குச் சுமார் 30 முறை மென்பொருளே தந்துவிடும். ஆகவே நிரலாளர் கையாள்வது பெரும்பாலும் ஒரு குச்சி மனிதனைத்தான்.

சிக்கல் அதன்பிறகே தொடங்குகிறது. மூட்டுகளின் நிலை ஓயாமல் நடுங்கும்; நடுக்கத்தைச் சமன்செய்தால் தாமதம் கூடி, பந்து கடந்த பின்பே மட்டை சுழலும். அதனால் கை பின்னோக்கிப் போகும்போதே அடியை ஊகிக்குமாறு எழுதலாம். அல்லது அடுத்த அசைவு முன்கூட்டியே தெரிந்திருக்கும் நடனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பட்டியலில் ஒன்றைத் தேர்வுசெய்ய, கையை அதன்மேல் சில கணம் அசையாமல் நிறுத்தச் சொல்வார்கள். தற்செயலான அசைவு கட்டளையாகிவிடாமல் இருக்க அது உதவும்.

தூரங்களைச் சென்டிமீட்டரில் எழுதாமல், ஆட்டக்காரரின் தோள் அகலத்தோடு ஒப்பிட்டு எழுதினால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே நிரல் பொருந்தும். இடமும் முக்கியம்: பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில், சோபாவைச் சமையலறை வாசல்வரை தள்ளினால்தான் இருவர் நின்று ஆட முடியும். புடவையோ வேட்டியோ கட்டியவரின் முழங்கால்களைக் கண்டறிவதில் கருவி தடுமாறக்கூடும் என்பதால், நம் வீடுகளுக்கான ஆட்டத்தைக் கைகளையும் தோள்களையும் நம்பி வடிவமைப்பதே நல்லது.