பிச்சாவரத்துல காயாக்ல பறவை பாக்க எத்தன மணிக்கு எறங்கணும்?

கும்பகோணத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "ஜனவரியில பிச்சாவரம் போறோம், காயாக் எடுத்து பறவை பாக்க பிளான். போன தடவ சீக்கிரமே எறங்கியும் கிட்ட போறதுக்குள்ள எல்லாம் பறந்துருச்சு. எத்தன மணிக்கு போகணும், என்ன பைனாகுலர் வாங்கணும்?"

ஜனவரி நல்ல சீசன்தான் சார், வலசை வர்ற உள்ளான்லாம் (சேத்துல மேயுற கரைப்பறவைங்க) அப்ப இருக்கும். ஆனா மணிய விட ஓதத்த பாருங்க. கடல் தண்ணி நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும், தெனமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், அதனால போன வாரம் போனவரு சொன்ன டைம் உங்களுக்கு ஒத்துவராது. முழு ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி உள்ள போங்க, காயாக் குடுக்குற நேரத்துல அது விழுற தேதியா பாத்து வச்சுக்கோங்க. தண்ணி நெறஞ்சிருக்கப்ப சின்ன கால்வாய்ங்கள்ல தோசிக் கொக்கு, மீன்கொத்தி எல்லாம் பாக்கலாம், வத்த ஆரம்பிச்சதும் அந்த ஓட்டத்துலயே துடுப்ப மடியில வச்சுக்கிட்டு மெதந்து வெளிய வாங்க, அப்பத்தான் சேறு தெரிய ஆரம்பிச்சு உள்ளான் கூட்டம் மேய எறங்கும். மாத்தி செஞ்சா திரும்ப வர்றப்ப தரை தட்டி நிப்பீங்க, அப்ப சேத்துல கால மட்டும் வச்சிராதீங்க.

ஆப்ல காட்டுற ஓத நேரம் கடலோரத்துக்கு, உள்ள கால்வாய்க்கு லேட்டாதான் வரும். அங்க போனதும் சுரபுன்னை மரத்தோட வேர பாருங்க, தண்ணி மட்டத்துக்கு மேல ஈரமா கருப்பா ஒரு கோடு தெரிஞ்சா வத்துதுன்னு அர்த்தம். பக்கத்துல தில்லை மரமும் இருக்கும் (சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேரு வந்ததே அதுலதான்), அதோட பால் கண்ணுல பட்டா பெரிய வில்லங்கம், கெளய புடிச்சு நிறுத்துற வேலையே வேணாம்.

பறந்து போறதுக்கு காரணம் பெரும்பாலும் நேரா போறதுதான். துடுப்ப உயர தூக்காம தாழ்வா போட்டு, சாய்வா, பறவைய தாண்டிப் போற மாதிரி போங்க, வெயில் முதுகுல படட்டும். கூட்டத்துல பவளக்காலி இருக்கான்னு முதல்ல தேடுங்க, ஆரஞ்சு செவப்பு காலு, சேத்து காவல்காரன் அதுதான். தலைய மேல கீழ ஆட்ட ஆரம்பிச்சா அதுக்கு டென்ஷன்னு அர்த்தம், அங்கயே நின்னுருங்க, இன்னும் ரெண்டு துடுப்பு போட்டா அது கத்திட்டு கெளம்பும், பின்னாடியே மொத்த கூட்டமும் போயிரும். வக்கா (ராக்கொக்கு) கூட்டமா அடையுற மரத்துக்கு கிட்ட போகவே வேணாம், வனத்துறை விடாத கால்வாயிலயும் நுழையாதீங்க.

பைனாகுலர் 8x42 போதும் (8 மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.). 10 மடங்கு காட்டுற 10x வாங்கினா படகு ஆடுற ஆட்டத்துல பறவை கண்ணுக்குள்ள நிக்காது, காசும் கூட. வாட்டர்ப்ரூஃபா பாத்து வாங்குங்க, பட்டைய லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல மாட்டுங்க, உள்ள மாட்டினா எடுக்குறதுக்குள்ள மீன்கொத்தி போயே போயிரும்.