தாடை வீங்கிய ஆட்டுக்கு மருந்துக்கு முன் இமையைப் பாருங்கள்
தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க்கரையில் மேயும் ஆடுகளுக்கு மழைக்குப் பிறகு தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்குகிறது, குடற்புழு மருந்து ஊற்றியும் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

வெளிச்சத்தில் ஆட்டின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பென்றால் சரி. வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது. அதற்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு ரத்தம் குடிப்பதுதான் காரணம். ஒரு பெண் புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் இந்த இமை நிறத்தை 5 படிகளாகப் பிரித்து ஓர் அட்டையே உருவாக்கினார், ஃபமாச்சா என்பார்கள். வெளிறிய படிகளான 4, 5 என்றால் கட்டாயம் மருந்து. எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழுக்கள்தான் மிஞ்சும். எடையைக் குத்துமதிப்பாகப் போட்டுக் குறைவாக ஊற்றினாலும் அதே கதிதான்.

ஆனால் கண்மாய்க்கரை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. நத்தை உள்ள இடத்தில் அதன் வழியே பரவும் ஈரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும்; அதற்கு மருந்தும் அளவும் வேறு. அதனால் புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, எந்தப் புழுவின் முட்டை என்று பார்க்கச் சொல்லுங்கள். சினை ஆடு இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள், ஆரம்பச் சினைக்கு அல்பெண்டசோல் என்ற புழு மருந்து ஆகாது. அப்புறம், பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள். ஏற்கெனவே வீங்கிய ஆட்டை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.