தோண்டாமல் விட்டது ஏன்?

கேள்வி: பெய்ஜிங் போனபோது மிங் வம்சத்து அரசர்களின் கல்லறைகளைப் பார்த்தோம். 13 கல்லறைகளில் ஒன்றை மட்டும்தான் தோண்டி, உள்ளே இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். மற்றவை மரம் மண்டிய மண்மேடுகள். ஈ காக்கை கிடையாது. உள்ளே அத்தனை பொக்கிஷம் இருக்க, எடுத்து உலகத்துக்குக் காட்டாமல் ஏன் வீணாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: ஒன்றைத் தோண்டிவிட்டுப் பட்ட பாடு போதும் என்பதுதான் காரணம். நீங்கள் இறங்கிப் பார்த்தீர்களே டிங்லிங், அதன் கதையை வாசலில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் தோண்ட ஆசைப்பட்டது அதை அல்ல. யோங்லே பேரரசரின் சாங்லிங்கைத்தான் திறக்க நினைத்தார்கள். மிங் வரலாற்று அறிஞரும் பெய்ஜிங்கின் துணை மேயருமான வூ ஹானும், எழுத்தாளரும் வரலாற்று அறிஞருமான குவோ மோருவோவும் அனுமதி கேட்டார்கள். தொல்லியல் தெரிந்த ஜெங் ஜென்துவோவும் ஷியா நையும் வேண்டாம் என்றார்கள். உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் நுட்பம் இன்னும் நம்மிடம் இல்லை என்பது அவர்கள் வாதம். எடுபடவில்லை. 1956-இல், ஒத்திகை மாதிரி, வான்லி பேரரசரின் டிங்லிங்கில் மண்வெட்டி விழுந்தது.

தோண்டியவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்ல மாட்டேன். வழி தெரியாமல் தவித்தபோது பள்ளத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு கிடைத்தது. ‘இந்தக் கல்லிலிருந்து சுவர் இத்தனை தூரம், இத்தனை ஆழம்’ என்று அளவோடு பொறித்திருந்தது. 1957-இல் சுவரைப் பிரித்து உள்ளே போனார்கள். பளிங்குக் கதவுகளுக்குப் பின்னால் உள்பக்கமாக ஒரு கல்தூண் சாய்ந்து, தானே தாழ்ப்பாளாக நின்றது. அதையும் உடைக்காமல், வளைத்த கம்பியைக் கதவிடுக்கில் விட்டு நிமிர்த்தித் திறந்தார்கள். சுமார் 3,000 பொருள்கள் கிடைத்தன. தங்கக் கம்பியில் பின்னிய கிரீடம், மீன்கொத்திச் சிறகு ஒட்டிய அரசியின் மகுடம் எல்லாம் அதில் அடக்கம்.

தங்கம் பிழைத்தது. பட்டு பிழைக்கவில்லை. 300 ஆண்டுக்கு மேல் இருட்டில் கிடந்த பட்டுச் சுருள்களும் அங்கிகளும் வெளிக்காற்று பட்டதும் நிறம் மங்கி, விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்குப் போயின. காப்பாற்ற வேண்டும் என்று அப்போது கைவசம் இருந்த ரசாயனத்தைப் பூசினார்கள். அது இன்னும் கெடுத்தது. அரசி ஒருத்தியின் மேலங்கியில் நூறு குழந்தைகள் விளையாடுவதுபோல் பூவேலை செய்திருந்தார்கள். அந்த நூல்வேலையை இன்று நகல் செய்துதான் காட்ட வேண்டியிருக்கிறது. உள்ளே நீங்கள் பார்த்த சிவப்புச் சவப்பெட்டிகளும் அசல் அல்ல. அசலை, அருங்காட்சியகம் திறந்த சமயத்தில், பழைய மரம்தானே என்று மலைச்சரிவில் வீசிவிட்டார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் 1966. கலாசாரப் புரட்சியில், மாவோவின் பெயரால் கிளம்பிய இளைஞர் படையான செங்காவலர்கள் வந்தார்கள். வான்லியின் எலும்புகளையும் அவருடைய இரண்டு அரசிகளின் எலும்புகளையும் வெளியே இழுத்துப் போட்டு, ‘விசாரணை’ நடத்தி, கொளுத்தினார்கள். தோண்டச் சொன்ன வூ ஹானும் அதே புரட்சியில் சிக்கி 1969-இல் சிறையில் இறந்தார். மண்ணுக்குள் இருந்திருந்தால் அந்த மூவரின் எலும்பாவது மிஞ்சியிருக்கும்.

இதற்குப் பிறகு, அரசர் கல்லறைகளைத் தாமாகப் போய்த் தோண்டுவதில்லை என்பதைச் சீன அரசு கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஷியான் நகருக்கு அருகே சியான்லிங் என்ற கல்லறை இருக்கிறது. சீனாவை ஆண்ட ஒரே பேரரசி வூ ஸெதியனும் அவர் கணவரும் அங்கே ஒரே மலைக்குள் கிடக்கிறார்கள். அதைத் திறக்கலாம் என்று குரல் எழுந்துகொண்டே இருக்கிறது. அனுமதி கிடைக்கவில்லை. கிடைக்கக் கூடாது என்பதே என் கட்சி. பட்டுத் துணியையும் காகிதத்தையும் காப்பாற்றும் வித்தை கைக்கு வந்துவிட்டது என்று சொல்பவர்கள், 1956-இல் சொன்னதையே சொல்கிறார்கள்.

‘வீண்’ என்கிறீர்கள். அங்கே பார்க்க என்ன இல்லை? சாங்லிங்கின் பெரிய மண்டபத்தில் 60 மரத்தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே மரம். நடுவில் உள்ளவை ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். தென்மேற்குக் காடுகளில் வெட்டி ஆற்றிலும் கால்வாயிலும் மிதக்கவிட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். பல கல்லறைகளில் கல்லில் செதுக்கிய ஆமையின் முதுகில் பிரம்மாண்டமான கற்பலகை நிற்கிறது, அதில் ஓர் எழுத்து கிடையாது. அதன் முன் நின்றீர்களா? கல்லறைகளுக்குப் போகும் பாதையில் சிங்கம், ஒட்டகம், யானை, குதிரை முதலிய ஆறு வகை விலங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி உட்கார்ந்தும் ஒரு ஜோடி நின்றும் இருக்கும். மண்டியிட்ட யானையின் முழங்கால் மடிப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சிற்பி யானையைக் கூர்ந்து பார்த்தவன் என்பது தெரியும்.

கூட்டம் முழுக்க டிங்லிங்கில் இறங்கி, வெறும் கல் அறையையும் நகல் பெட்டியையும் பார்த்து, அரியணைமேல் சில்லறைக் காசை வீசிவிட்டு பஸ் ஏறிவிடுகிறது. அடுத்த முறை போனால் அந்தச் சீட்டை வாங்க வேண்டாம். பக்கத்திலேயே ஜாவோலிங் இருக்கிறது, வான்லியின் தகப்பனாருடையது. கூட்டம் இருக்காது. அரை நாள் ஒதுக்குங்கள்.