பழைய செல் (எறிகணை) காயமும் பிந்தி வந்த வலிப்பும்

கேள்வி: 2009இல் என் மகனுக்கு எட்டு வயது. தலையில் செல் துண்டு பட்டது. சிறு துண்டொன்று இன்னும் உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு வயலில் நின்றபோது முதல் வலிப்பு வந்தது. இப்போது குளிசை எடுக்கிறார். சிறிய ஆர்.என்.ஏ.தான் காரணம் என்றும் அதற்கு ஊசி கண்டுபிடித்துள்ளார்கள் என்றும் வாசித்தேன். குளிசையை நிறுத்தி அதைப் போடலாமா?
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, குளிசையை நிறுத்த வேண்டாம், அந்த ஊசி மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை.

இவ்வளவு காலம் கழித்து வலிப்பு வருவது புதுமையல்ல. வியட்நாம் போரில் மண்டையோட்டைத் துளைத்த காயம் பட்ட அமெரிக்கப் படையினரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வலிப்பு நோய் ஏற்பட்டிருந்தது. வெளியே தோல் ஆறினாலும், உள்ளே தழும்பும் கசிந்த இரத்தத்தின் இரும்பும் அழற்சியும் நரம்புக் கலங்களின் இணைப்புகளை மெல்ல மெல்ல மாற்றுகின்றன.

ஆர்.என்.ஏ. என்பது மரபணுவைப் பார்த்துக் கலம் எடுக்கும் படி. நீங்கள் வாசித்த சிறிய வகையான மைக்ரோ ஆர்.என்.ஏ. இந்த மாற்றத்தில்தான் பங்குகொள்கிறது. ஏறத்தாழ 22 இரசாயன எழுத்துகளே கொண்ட இது தானாகப் புரதம் எதையும் ஆக்குவதில்லை. புரதம் ஆக்கவேண்டிய செய்தி ஆர்.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு, குளத்துத் துருசைப் பாதி தாழ்த்தியதுபோல, அதன் வேலையைக் குறைத்துவிடுகிறது. 1993இல் ஒரு சிறு புழுவில் இது முதலில் அறியப்பட்டது. அதற்காக விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. வலிப்பு நோயில் இவற்றுட் சில கூடியும் சில குறைந்தும் காணப்படுகின்றன. 146ஏ என்று எண்ணிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. அழற்சியோடும், 134 என்பது நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று இணையும் நுண்ணிய முட்களின் வடிவத்தோடும் தொடர்புடையவை. 2012இல் வெளியான ஆய்வொன்றில் 134ஐ அடக்கியபோது சுண்டெலிகளுக்கு வலிப்பு குறைந்தது. ஆனால் மருந்து நேரே மூளையறைக்குள் செலுத்தப்பட்டது என்பதைப் பத்திரிகைகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆகவே காரணம் காயம்தான், ஆர்.என்.ஏ. அக்காயம் வலிப்பாக மாறும் வழியில் ஒரு கண்ணி மாத்திரமே.

குளிசையைத் திடீரென விட்டால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் எந்த வலிப்புக்கும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கையில் இரும்பைத் திணித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலுவான காந்தத்தால் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், தலைக்குள் உலோகத் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளத்திலோ கிணற்றடியிலோ மகன் தனியே குளிக்கக் கூடாது.