ஃபயர்வால் போர்ட்டில் மோதல்கள் பெருகுவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இணைய வேகம் மிகவும் குறைந்துவிட்டது. பிங் (சிறு சோதனைப் பாக்கெட்) கொடுத்தால் பதில் ஒழுங்காக வருகிறது. பெரிய கோப்பை இறக்கும்போது மட்டும் வேகம் படுத்துவிடுகிறது. ஃபயர்வாலின் வெளிப்புற போர்ட்டில் மோதல் எண்ணிக்கையும் தாமத மோதல் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எதிரே உள்ள ரவுட்டரின் போர்ட்டை 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாக அமைத்திருப்பதாகச் சேவை நிறுவனத்தார் சொல்கிறார்கள். எங்கள் முனை ஆட்டோவில் இருக்கிறது. விதிகளைக் குறைத்தும் பயனில்லை. ஃபயர்வாலையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், விதிகளிலும் இனிக் கை வைக்க வேண்டாம். எதிர்முனை நிலையாகவும் உங்கள் முனை ஆட்டோவிலும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. இதனை டூப்ளெக்ஸ் பொருந்தாமை என்பார்கள். ஒரே சமயத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது ஃபுல் டூப்ளெக்ஸ், ஒரு சமயத்தில் இரண்டில் ஒன்று மட்டுமே முடிவது ஹாஃப் டூப்ளெக்ஸ்.

1995-இல் வந்த ஐஇஇஇ 802.3யூ தரநிலை, 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டோடு ஆட்டோ நெகோஷியேஷனையும் கொண்டுவந்தது. இம்முறையில் இரு முனைகளும் தம்மால் இயன்ற வேகங்களையும் டூப்ளெக்ஸ் முறைகளையும் ஒன்றுக்கொன்று அறிவித்து, இரண்டுக்கும் பொதுவானவற்றுள் சிறந்ததைத் தேர்ந்துகொள்கின்றன. ஒரு முனையைக் கையால் நிலைப்படுத்திவிட்டாலோ, பெரும்பாலான சாதனங்கள் அந்த அறிவிப்பை அனுப்புவதில்லை. அப்போது ஆட்டோவில் இருக்கும் முனை, வருகின்ற சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்பதைக் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸ் எது என்பதை அந்தச் சிக்னலிலிருந்து அறிய வழியில்லை. அறிய முடியாதபோது ஹாஃப் டூப்ளெக்ஸாகவே இயங்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. உங்கள் ஃபயர்வால் அந்த விதிப்படி சரியாகவே நடந்திருக்கிறது.

இனி, இந்த நிலையில் லிங்க்கில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். ஹாஃப் டூப்ளெக்ஸில் உள்ள உங்கள் முனை, லைன் அமைதியாக இருக்கிறதா என்று கவனித்த பிறகே அனுப்பத் தொடங்கும். அனுப்பும்போது எதிரிலிருந்து சிக்னல் வந்தால் அதனை மோதல் என்று கொண்டு, ஃபிரேமை, அதாவது அனுப்பும் தரவுத் தொகுப்பை, பாதியிலேயே நிறுத்திவிடும். ஃபுல் டூப்ளெக்ஸில் உள்ள ரவுட்டருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால், நீங்கள் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதுவும் அனுப்பும். முறையான ஹாஃப் டூப்ளெக்ஸ் இணைப்பில் மோதல் நேர்வதென்றால் முதல் 512 பிட்டுகளுக்குள், அதாவது 64 பைட்டுகளுக்குள் நேர்ந்தாக வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் அது 5.12 மைக்ரோ விநாடி. ரவுட்டர் எந்த நொடியிலும் குறுக்கிடக்கூடும் என்பதால்தான் அந்த எல்லையைக் கடந்தும் மோதல் நேர்ந்து, தாமத மோதல் கணக்கில் ஏறுகிறது. எல்லைக்குள் நேரும் மோதலில் சிக்கிய ஃபிரேமை ஈதர்நெட்டே மறுபடியும் அனுப்பிவிடும். தாமத மோதலில் சிக்கியதைப் பொதுவாகக் கைவிட்டுவிடும். இழப்பை டிசிபி (தரவு போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் நெறிமுறை) உணர்ந்து திரும்ப அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதே உங்கள் வேகக் குறைவுக்குக் காரணம். பிங் ஒழுங்காக இருப்பதற்கும் இதுவே விளக்கம்: ஒரு சிறு பாக்கெட் போய்ச் சேர்ந்த பின்பே பதில் புறப்படுகிறது, இரண்டும் ஒரே சமயத்தில் லைனில் சந்திப்பது அரிது. ஆகவே பிங்கை மட்டும் நம்பி லிங்க் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்யக் கூடாது.

முடிந்தால் ரவுட்டரின் எண்ணிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். அங்கே மோதல் இராது. நீங்கள் பாதியில் நிறுத்திய ஃபிரேம்கள் சிஆர்சி பிழைகளாகவும் (ஃபிரேம் சிதைந்திருப்பதைக் காட்டும் சரிபார்ப்புப் பிழைகள்), 64 பைட்டுக்கும் குறைந்த துண்டுகளாகவும் பதிவாகியிருக்கும். ஒரு பக்கம் தாமத மோதல், மறுபக்கம் சிஆர்சி பிழை என்ற இந்த இணையைக் கண்டால் டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இரு முனைகளும் ஃபுல் டூப்ளெக்ஸில் இருந்தும் சிஆர்சி பிழை ஏறினால் கேபிளையும் கனெக்டரையும் சோதிக்க வேண்டும்.

தீர்வாக, இரு முனைகளையும் ஆட்டோவில் வைக்கவே நான் பரிந்துரைப்பேன். எதிர்முனையார் மறுத்தால் உங்கள் முனையையும் 100 ஃபுல் என்று நிலைப்படுத்துங்கள். அப்படிச் செய்யும்போது பல சாதனங்களில் கேபிள் வகையைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி நின்றுவிடும். அதன் பின் லிங்க் எழவில்லை என்றால் கிராஸ் கேபிள் (அனுப்பும் கம்பிகளும் பெறும் கம்பிகளும் ஒரு முனையில் இடம் மாறியது) தேவையா என்று பாருங்கள். மாற்றும் கணத்தில் லிங்க் ஒருமுறை விழுந்தெழும். எனவே வேலை நேரத்தில் வேண்டாம். அந்த போர்ட்டின் வழியாகவே தொலைவிலிருந்து உள்நுழைந்து மாற்றவும் வேண்டாம், கன்சோல் கேபிளை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பிறகு பழைய எண்ணிக்கைகளை அழித்துவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை இரு திசையிலும் அனுப்பிப் பாருங்கள். தாமத மோதல் பூஜ்ஜியத்திலேயே நிற்க வேண்டும்.

கேள்வி: மோதல் ஒன்றுகூட இருக்கக் கூடாதா?

பதில்: ஹப்பில் (பல சாதனங்கள் ஒரே லைனைப் பகிரும் பெட்டியில்) இணைந்த ஹாஃப் டூப்ளெக்ஸ் போர்ட்டில் மோதல் இயல்பானது. மோதிய முனைகள் சிறிது நேரம் ஒதுங்கியிருந்து மீண்டும் முயலும். 16 முயற்சிகளும் தோற்றால்தான் ஃபிரேம் கைவிடப்படும். அங்கும் தாமத மோதல் மட்டும் இயல்பானதல்ல. ஃபுல் டூப்ளெக்ஸ் போர்ட்டிலோ, புதிதாக எந்த மோதலும் பதிவாகக் கூடாது.

கேள்வி: போர்ட்டை நிலையாக அமைப்பதே பாதுகாப்பானது என்று மூத்த பொறியாளர்கள் சொல்கிறார்களே?

பதில்: தொடக்க காலத்தில் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் சாதனங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளாததால் எழுந்த அறிவுரை அது, அன்று அது நியாயமானதே. இன்று அதனைப் பின்பற்றுவது, பெரும்பாலும் மேலே கண்ட கோளாற்றையே வருவிக்கிறது. செம்புக் கேபிளில் இயங்கும் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு இந்த அறிவுரை அறவே பொருந்தாது. 1999-இல் வந்த 802.3ஏபி தரநிலைப்படி, இரு முனைகளில் எது கடிகாரத் துடிப்புக்குத் தலைமை ஏற்பது என்பதே ஆட்டோ நெகோஷியேஷனில்தான் முடிவாகிறது. கிகாபிட் மட்டுமே வேண்டும் என்றால் ஆட்டோவை அணைக்காமல், 1000 ஃபுல்லை மட்டும் அறிவிக்கும்படி போர்ட்டை அமையுங்கள்.