வன்னி முதல் பிரண்டை வரை: வறண்ட நிலத் தாவரங்கள் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கண்மாயில் சீமைக் கருவேலத்தை அகற்றப் போகிறார்கள். நடுவே நிற்கும் வன்னியும் வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயம். எப்படிப் பிரித்தறிவது?

பயம் நியாயமானதே. பொக்லைன் இறங்கிவிட்டால் எல்லாமே முள்மரம்தான். முள் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சீமைக் கருவேலத்தில் இலை கிளம்பும் கணுவில், ஒற்றையாகவோ ஜோடியாகவோ நீண்ட முள் இருக்கும். இளங்கிளை கணுவுக்குக் கணு நெளிந்து போகும். வன்னியின் முள் குட்டையானது, அடி அகன்றது. கணுவை விட்டு விலகி, இரண்டு கணுக்களுக்கு நடுவே அங்கங்கே நிற்கும். காய் இருந்தால் வேலை இன்னும் எளிது. சீமைக் கருவேல நெற்று வைக்கோல் மஞ்சளில், தட்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். வன்னிக்காய் மெலிந்து உருண்டு தொங்கும். நாட்டுக் கருவேலத்துக்கு வெள்ளை நிற நேர்முள் ஜோடி, மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தாற்போல இடுங்கிய சாம்பல் நெற்று. வெள்வேலத்தின் பட்டை வெளிறியிருக்கும், பூ பாலேட்டு நிறம்.

வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே வன்னி, கருவேலம், வெள்வேலம், உசிலை எல்லாவற்றுக்கும் இடுப்புயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுங்கள். இழக்கக்கூடாத மரம் வன்னி. ஆணிவேர் மிக ஆழத்துக்கு இறங்குவதால் அதன் அடியில் பயிர் செய்யலாம். தழை ஆட்டுக்குத் தீனி. ராஜஸ்தானில் அது மாநில மரம். அங்கே பிஞ்சுக்காயை உலர்த்தி வைத்து, ‘சாங்கரி’ என்று கறி சமைக்கிறார்கள்.

கேள்வி: வெட்டிய சீமைக் கருவேலம் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறதே?

தரைமட்டத்தில் வெட்டியதுதான் தவறு. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் ஏராளம். மழைக்குப் பின், மண் இளகியிருக்கும்போது 1 அடி ஆழம் தோண்டி, அந்தக் கழுத்தையும் சேர்த்து எடுங்கள். நெற்று பழுக்கும் முன் இதை முடிக்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் பரப்பும். மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்தடுத்து முளைக்கும். குறைந்தது 3 மழைக்காலமாவது கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் இல்லையென்றால், செய்த செலவு வீண்.

கேள்வி: ஆவாரை விதை 100 போட்டேன். முளைத்தது நாலைந்துதான். விதை கெட்டதா?

ஓட்டையிட்ட விதை இருந்தால் அது வண்டு தின்றது, ஒதுக்கிவிடுங்கள். மற்றவை நல்ல விதைகளே. தோல் கடினமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஒரே மழையை நம்பி எல்லாம் முளைத்து, அடுத்த வெயிலில் மொத்தமாகக் காய்ந்துபோகாமல் இருக்க அந்தச் செடிக்குள்ள காப்பு இது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, 2 நிமிடம் ஆறவிட்டு, விதையைப் போல 5 மடங்கு ஊற்றுங்கள். ஓர் இரவு ஊறட்டும். உப்பியதை அன்றே 1 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம், உப்பாததற்கு மறுபடி வெந்நீர். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்கவிட்டால் கரு வெந்துவிடும். கருவேல விதைக்கு ஆட்டுப்பட்டியே போதும்: குடலைக் கடந்து வந்த விதை தோல் இளகி நன்றாக முளைக்கும்.

கேள்வி: பனங்கொட்டையைப் பையில் முளைக்கவைத்து நடலாமா?

வேண்டாம். பனை முளைக்கும்போது முதலில் மேலே வருவதில்லை. விதையிலிருந்து ஒரு குழல் நேராக மண்ணுக்குள் இறங்கி, கருவை ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கேதான் கிழங்கு பருக்கும். பையில் அந்தக் குழல் அடி தட்டிச் சுருண்டுகொள்ளும். எடுத்து நட்டால் ஒடிந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே அரையடி ஆழத்தில், 10 அடி இடைவெளியில் புதையுங்கள். வடகிழக்குப் பருவமழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பல மாதங்கள் இலை தெரியாது. பொறுமையில்லாமல் தோண்டிப் பார்ப்பதால் சாகும் பனையே அதிகம். ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை, அதாவது 12 ஆண்டுக்குமேல், தெரியாது. அதனால் தேவைக்கு மேலாகவே போடுங்கள். தின்பதற்குக் கிழங்கு வேண்டுமென்றால் பொலபொலப்பான மணலை 2 அடி உயரம் குவித்து, மேலே கொட்டைகளை நெருக்கி அடுக்கி மூடினால் சுமார் 4 மாதத்தில் கிழங்கு நேராகக் கிடைக்கும்.

கேள்வி: ஒதிய மரம் மாசியில் மொட்டையாகிவிட்டது. தினமும் தண்ணீர் விட்டும் தளிர்க்கவில்லை.

தண்ணீரை நிறுத்துங்கள். ஒதியன் கோடையில் இலை உதிர்த்து, வெறுங்கிளையிலேயே பூக்கும் மரம். பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. தினசரி ஈரம்தான் வேரை அழுகச் செய்யும்.

கேள்வி: பிரண்டைத் துவையல் நாக்கை அரிக்கிறது.

காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். வெறும் சூட்டுக்கு அவை கரையாது. நுனியிலுள்ள இளம் தண்டுகளை மட்டும் பறியுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, நாலு விளிம்பு நாரையும் உரித்தெடுங்கள். 1 கப் துண்டுக்கு 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, பச்சை மாறிச் சுருளும்வரை வதக்குங்கள். நெல்லிக்காயளவு புளி கட்டாயம். மிளகாயும் உளுத்தம்பருப்பும் உங்கள் ருசிக்கு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.